படிக்கத் திணறும் பிள்ளைக்கும் தமிழ் உண்டு

(கைப்பேசி வழியாக மாலை வகுப்பு நடத்தும் குழுவினர் சார்பில், கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்று காலையிலிருந்து பேசி எல்லோரும் களைத்துப் போயிருப்பீர்கள். ஆனாலும் போன கூட்டத்தில் நாலைந்து பேர் தனியாக வந்து எங்களிடம் கேட்ட ஒரு விஷயத்தை இன்று பொதுவில் பேசலாம் என்று நினைக்கிறோம். கேள்வி எல்லோருக்கும் ஒண்ணுதான். "நல்லாத்தான் பேசுறான், எல்லாம் புரியுது. புஸ்தகத்தை எடுத்தா மட்டும் முடியல. போன்ல பாடம் சொல்லித் தர்றாங்களாமே, அதுல சேர்த்தா சரியாயிடுமா?"

சரியாயிடுமா என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் இந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

நம்ம குழுக்களை ஆரம்பித்த காலத்தை நினைத்துப் பாருங்க. கைநாட்டு வைத்த அம்மாக்கள் எத்தனை பேர்! ஆனால் யார் எவ்வளவு கடன் வாங்கினாங்க, எத்தனையாவது தவணை, வட்டி எவ்வளவு என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவாங்க. பதிவேட்டில் எழுதினவங்க தப்பு விட்டால்கூட இவங்க கண்டுபிடிப்பாங்க. எழுத்து தெரியாதது வேறு, அறிவு இல்லாதது வேறு என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே நாம்தான் நம்ம பிள்ளை ஒரு பத்தியைத் தட்டித் தடவிப் படித்தால் "மக்கு" என்று சொல்லிவிடுகிறோம்.

பள்ளிக்குப் போகாததால் எழுத்து தெரியாமல் போவது ஒன்று. பள்ளிக்குப் போய், கண்ணும் காதும் நன்றாக இருந்து, சொல்லிக் கொடுத்தும், எழுத்து மட்டும் பிடிபடாமல் போவது இன்னொன்று. இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். கற்றல் குறைபாடு என்றும் சொல்வார்கள். எழுதும்போது மட்டும் கை மனசோடு ஓடாத பிள்ளைகள் உண்டு. ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் கவனம் நிற்காத பிள்ளைகள் உண்டு, ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு எழுத்து சரளமாக வரலாம், கதையில் ஒருத்தர் மறைமுகமாகச் சொல்வது மட்டும் பிடிபடாமல் போகலாம். இவங்க எல்லோருக்கும் சேர்த்து இப்போது நியூரோடைவர்ஜென்ட் என்று ஒரு பெயர் சொல்கிறார்கள். பெயர் பெரிசா இருக்கு, விஷயம் எளிது. மூளை வேலை செய்கிற விதம் வேறு. பிறவியிலேயே அப்படி. நீங்கள் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, செல்லம் கொடுத்ததாலோ வந்ததல்ல. மாமியார் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1995-ஆம் வருஷச் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகளைச் சொல்கிறார்கள். அதில் ஆட்டிசமும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் இருக்கிறது.

இப்போது தமிழ் எழுத்துக்கு வருவோம். "நம்ம தாய்மொழிதானே, இதுல என்ன கஷ்டம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்த எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம், அதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். 'கா' என்று எழுதும்போது கால் பின்னால் வருகிறது. 'கே' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. வாயில் முதலில் வருவது 'க்', பிறகுதான் 'ஏ'. ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது ஏகாரக் கொம்பு. 'கோ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. காதில் கேட்கிற வரிசை ஒன்று, தாளில் தெரிகிற வரிசை இன்னொன்று. நமக்குப் பழகிவிட்டது. ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதிலேயே சிரமப்படும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் இது புதுக் குழப்பம்.

அப்புறம் ல, ள, ழ. ர, ற. ந, ன, ண. நம்மில் பாதிப் பேர் பேச்சில் இவற்றைப் பிரித்துச் சொல்வதே இல்லை. வாயில் வித்தியாசம் இல்லாததைக் கையில் மட்டும் வித்தியாசப்படுத்து என்றால் பிள்ளை என்ன செய்யும்? பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறாக இருப்பது இதற்கு மேல். "வந்துக்கிட்டிருக்கான்" என்று நாள் முழுக்கக் கேட்கிற காதுக்கு "வந்துகொண்டிருக்கிறான்" என்பது கிட்டத்தட்ட இன்னொரு மொழிதான். செய்யுள் என்றால் இன்னும் மோசம். அங்கே சொற்கள் புணர்ந்து ஒட்டிக்கொண்டு வரும். அதை ஓசைக்காகச் சீர் சீராகப் பிரித்து அச்சடித்திருப்பார்கள். ஒரு சீரில் ஒரு சொல்லின் பின்பாதியும் அடுத்த சொல்லின் முன்பாதியும் இருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளையே அங்கே தடுமாறும்.

அதனால்தான் இந்தப் பிள்ளைகள் முதலில் தோற்பது தமிழில். கணக்கில் 60 வாங்குகிற பையன் தமிழில் 20 வாங்குவான். வீட்டில் திட்டு, பள்ளியில் கேலி. பத்தாம் வகுப்பு வரும்போது யாராவது ஒருத்தர், நல்ல எண்ணத்தோடுதான், "மொழிப்பாட விலக்கு வாங்கிடுங்க" என்று சொல்வார்கள். டிஸ்லெக்சியா சான்று பெற்ற மாணவர்கள் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு கேட்க நம் மாநிலத்தில் வழி இருக்கிறது. அது நல்ல ஏற்பாடு, தேவைப்படுகிறவர்கள் வாங்கத்தான் வேண்டும். ஒரு பாடத்துக்காகப் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது.

நாங்கள் சொல்ல வருவது என்னவென்றால், தேர்விலிருந்து விலக்கு வாங்குவது வேறு, கதையிலிருந்தும் பாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கி வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள். "அவனுக்குத் தமிழ் கிடையாது" என்று சொல்லி, தமிழ் வகுப்பு நேரத்தில் நூலகத்தில் சும்மா உட்கார வைத்துவிடுகிறார்கள். மற்ற பிள்ளைகள் கண்ணகி கதை கேட்கிறார்கள், இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நம்ம தாத்தா பாட்டி காலத்தில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள், பிரசங்கி விளக்கம் சொல்வார், ராத்திரி கூத்து நடக்கும். அதைக் கேட்டே துரியோதனன் யார், கர்ணன் யார், யார் பக்கம் நியாயம் என்று ஊரே விவாதம் பண்ணியது. தெற்கே போனால் வில்லுப்பாட்டு. நூற்றுக்கணக்கான வருஷமாக நம் மக்களுக்கு இலக்கியம் காது வழியாகத்தான் வந்திருக்கிறது. படிக்கத் திணறும் பிள்ளைக்குக் காது நன்றாகத்தானே இருக்கிறது!

எங்கள் மாலை வகுப்பு இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. ஒரு ஆசிரியர், ஒரு பிள்ளை. மிஞ்சினால் மூன்று பிள்ளைகள். முதலில் ஆசிரியர் வாசிப்பார், பிள்ளை கேட்கும். இரண்டாம் முறை எழுத்தைத் திரையில் பெரிதாக்கி, வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு, வாசிக்கிற வரியை மட்டும் காட்டிக்கொண்டே வாசிப்பார். மூன்றாம் முறை இருவரும் சேர்ந்து. தனியாக வாசி என்று கடைசியில்தான் சொல்வது. அதுவும் பிள்ளைக்கு இஷ்டம் இருந்தால்.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். 1330 குறள், ஒவ்வொன்றும் முதல் அடியில் நாலு சீர், இரண்டாம் அடியில் மூணு சீர். மொத்தம் ஏழு. ஏழு விரலை விட்டு எண்ணிச் சொல்லலாம். நடந்துகொண்டே சொல்லலாம், எட்டுக்கு ஒரு சீர். கவனம் நிற்காத பிள்ளையை நாற்காலியில் கட்டிப்போட்டு மனப்பாடம் பண்ண வைப்பதைவிட, வாசலில் நடக்கவிட்டால் சீக்கிரம் வரும். ஓசை மனசில் நின்ற பிறகு, அதே குறளைச் சீர் பிரிக்காமல் சொல் பிரித்து எழுதிக் காட்டுவோம். அப்போது பிள்ளைக்கு எழுத்து புதுசாக இருக்காது. ஏற்கனவே காதில் இருப்பதைக் கண்ணால் அடையாளம் காண்பதுதான் வேலை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் சபை. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கே இந்தப் பரலில்தான் இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன், ஒரு வரி எழுதச் சொன்னால் அழுகிறவன், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "சிலம்பை முன்னாடியே உடைச்சுப் பார்த்திருந்தா கோவலன் செத்திருக்க மாட்டான்ல? அப்ப விசாரிக்காததுதானே தப்பு?" என்று கேட்டான். தமிழ் ஆசிரியர் பரீட்சையில் கேட்கிற 'வழக்குரை காதை நயம்' இதைவிட வேறென்ன? அவன் சொல்லச் சொல்ல, கைப்பேசியில் பேசினால் எழுத்தாக மாற்றுகிற வசதி இருக்கிறதே, தமிழிலும் உண்டு, அதில் பதிந்தோம். தன் பேச்சு எழுத்தாகத் திரையில் ஓடுவதைப் பார்த்து, தப்பாக விழுந்த இரண்டு வார்த்தையை அவனே கண்டுபிடித்துத் திருத்தினான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வழி வேறு. "முகம் நிலவு" என்றால் "முகத்துல பள்ளம் இருக்குமா?" என்று நிஜமாகவே கேட்பார்கள். கிண்டல் இல்லை. அதற்கு ஒரு தாளை இரண்டாக மடித்து, இந்தப் பக்கம் 'சொன்னது', அந்தப் பக்கம் 'சொல்ல வந்தது' என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். குறுந்தொகைப் பாட்டு இதற்கு ரொம்ப வசதி. நாலு அடி முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். யார் யாரிடம் சொன்னது என்பது பாட்டின் கீழே குறிப்பாகவே இருக்கும்: தலைவி தோழியிடம், தோழி தலைவனிடம் என்று. மனிதர்கள் மனசில் இருப்பதை நேராகச் சொல்லாமல் ஏன் சுற்றி வளைக்கிறார்கள் என்று புரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, அதைக் கணக்குப் போல் பிரித்துப் பார்க்க இடம் கிடைக்கிறது. சங்கப் பாட்டு கஷ்டம், அது இந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்வதை நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்தது படிக்கும் முறை. "போய்ப் படி" என்று சொல்கிறோமே, அதைப் போல் உபயோகம் இல்லாத சொல் வேறு இல்லை. எதை, எவ்வளவு, எவ்வளவு நேரம், முடிந்ததற்கு என்ன அடையாளம், ஒன்றுமே அதில் இல்லை. நம்ம குழுவில் "போய்ச் சேமி" என்றா சொன்னோம்? வாரா வாரம் இந்தக் கிழமை, இவ்வளவு ரூபாய், பாஸ்புக்கில் பதிவு என்று சொன்னதால்தான் நடந்தது. பிள்ளைக்கும் அதேதான். "இந்தப் பத்தியைக் கேளு, கேட்டதில் மூணு விஷயம் எனக்குச் சொல்லு" என்றால் அது வேலை. பதினைந்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் கடிகாரத்திலோ போனிலோ மணி வையுங்கள். மணி அடித்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வரட்டும். மறுபடி பதினைந்து. முடித்ததைச் சுவரில் ஒட்டிய தாளில் பிள்ளையே கோடு போட்டு அடிக்கட்டும். தேர்வு என்றைக்கு என்று காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி எந்த வாரம் எந்தப் பாடம் என்று குறிக்க வேண்டும். இதையெல்லாம் மற்ற பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. இவர்களுக்குச் சொல்லித்தான் தர வேண்டும், அதுவும் பல தடவை.

ஆன்லைனில் என்ன லாபம் என்று கேட்கிறீர்கள். 2020-இல் பள்ளிகளை மூடியபோது எல்லோரும் பட்ட பாட்டை நினைத்து, போனில் பாடமா என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். ஒரே வீடியோவை எல்லோருக்கும் ஓட்டுவது இந்தப் பிள்ளைகளுக்கு உதவவே இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் என்று நடத்துவது வேறு விஷயம். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறார்கள். பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுப் போக நம்மால் முடியாது. வீட்டில் இருந்தால் பக்கத்துப் பிள்ளை சிரிக்காது. வெளிச்சம், சத்தம் தாங்காத பிள்ளைக்குப் பழகின இடம் ஒரு நிம்மதி. முகம் காட்டப் பிடிக்காவிட்டால் கேமராவை மூடிக்கொண்டு குரலில் மட்டும் பேசலாம், நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை. இலவச ஜூம் 40 நிமிஷத்தில் தானே நின்றுவிடும் என்று ஒரு ஆசிரியை குறைப்பட்டார். எங்களைக் கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே ஜாஸ்தி.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவராது. ரொம்பச் சின்னப் பிள்ளைகள், பேச்சே இன்னும் வராதவர்கள், போனைக் கையில் கொடுத்தால் விளையாட்டுக்குப் போய்விடுகிறவர்கள், இவர்களுக்கு நேரில் ஆள் வேண்டும். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அங்கே முதலில் கேளுங்கள். எதற்கும் முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல்தான் திணறுகிறானோ என்னவோ.

பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ, வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், பெரியவர் ஒருத்தர் காது கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். வகுப்புக்கு வெளியே ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது. அம்மாவின் எண்ணுக்குத்தான் அனுப்ப வேண்டும். இதைக் கேட்டு முகம் சுருங்குகிற ஆசிரியர் நமக்கு வேண்டாம்.

பணம் பற்றி. நம்ம உறுப்பினர் ஒருத்தர் ஒரு நிறுவனத்துக்கு முழு வருஷக் கட்டணத்தையும் முன்பணமாகக் கட்டினார். அதற்குக் குழுவில் உள்கடன் வாங்கியிருந்தார். இரண்டாம் மாதமே பிள்ளை உட்கார மறுத்துவிட்டது. பணம் திரும்பவில்லை, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கல்விக் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் ஊக்குநர்கள் இதைக் கேட்கணும்: மாதா மாதம் கட்டலாமா? ஒரு வகுப்பு பார்த்துவிட்டுச் சேரலாமா? ஆசிரியர் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி எடுத்தவரா? "மூணு மாசத்துல குணமாக்குறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இது காய்ச்சல் இல்லை, குணமாக்க. ஞாபகசக்தி லேகியமும் வேண்டாம். பயிற்சியால் வாசிப்பு மெதுவாக முன்னேறும். ஒரு வருஷத்தில் எவ்வளவு என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

காசில்லாமல் கிடைப்பதும் நிறைய இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசம். முதல் படிக் கதையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய இலக்கியங்கள் மின்னூலாக இருக்கின்றன. போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம், வாசித்துக் காட்டவும் வைக்கலாம். அந்தக் குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரி இருக்கும். உங்கள் குரல் அதைவிட நல்லது.

இங்கே ஒரு அக்கா கை தூக்கினார்: "எனக்கே படிக்கத் தெரியாது, நான் பக்கத்துல உட்கார்ந்து என்ன பண்ணுவேன்?" அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறோம். வகுப்பு முடிந்ததும் "இன்னிக்கு என்ன கதைடா?" என்று கேளுங்கள். அவன் சொல்லட்டும். நடுவில் "அப்புறம்?" என்று கேளுங்கள், புரியாவிட்டால் "அது ஏன் அப்படிப் பண்ணான்?" என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே கதை தெரியாது என்பது அவனுக்கும் தெரியும். அதனால் விளக்கமாகச் சொல்வான். எல்லாம் தெரிந்த ஆசிரியரிடம் ஒப்பிப்பதைவிட அது பெரிய பயிற்சி.

கடைசியாகச் சான்று விஷயம். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பொதுவாக மூன்றாம் வகுப்பு, எட்டு வயது வாக்கில்தான் பரிசோதித்து உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு முன் சந்தேகம் இருந்தால் உதவியை ஆரம்பிக்கலாம், சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். சான்று மாவட்ட அரசு மருத்துவமனையில். விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், முன்னால் சொன்ன மொழிப்பாட விலக்கு, இவையெல்லாம் தானாக வராது, தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஜனவரி மாதம் ஓடி வந்து கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எழுத ஆள் வைத்துக்கொள்வதற்கும் பழக்கம் வேண்டும். நாம் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதுவது பெரியவர்களுக்கே எளிதில்லை, அதனால் அதையும் மாலை வகுப்பில் ஒத்திகை பார்க்கிறோம். இங்கே பட்டப்படிப்பு படிக்கும் பெண் பிள்ளைகள் உள்ள உறுப்பினர்கள் யாராவது இருந்தால், சனிக்கிழமை ஒரு மணி நேரம் அந்த ஒத்திகைக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயரை உங்கள் ஊக்குநரிடம் கொடுத்தால் போதும்.